கொடியில் காய்ந்த வேட்டி

தம்பியின் பொன்னுருக்கு அன்று காலை பத்து மணி இருக்கும். முத்தையன்கட்டுப் பக்கம் எங்கள் வளவில் பந்தல் போட்டிருந்தது. பின் விறாந்தையில் பெண்கள் பலகாரத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தோம். கிளிநொச்சியிலிருந்து படம் பிடிக்க வந்த பொடியன் ஒரு பெட்டியைத் திறந்து, நாலு காற்றாடி பூட்டிய சாமானை முற்றத்தில் வைத்தான். அது என்னவென்று எல்லாருக்கும் தெரியும். ட்ரோன் கமரா இல்லாமல் இப்போது எந்தக் கலியாணம் நடக்கிறது? அது எழும்பிப் பந்தலைத் தாண்டித் தென்னை உயரத்துக்குப் போனதும் சத்தம் வந்தது. ங்ங்ங்ங் என்று ஏற்ற இறக்கமில்லாத ஒரே சுருதி.

பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக் கை காட்டினார்கள். முப்பது வயதைத் தாண்டிய ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. குனிந்தோம். பெரிய குனிவு இல்லை, கழுத்து ஒரு அங்குலம் தோளுக்குள் போயிருக்கும். பேச்சு நின்றது. தட்டில் வைக்கப்போன பயத்தம் பணியாரம் மாமியின் கையிலேயே இருந்தது. அப்புறம் யாரோ சிரித்தார்கள், பேச்சு மறுபடி தொடங்கியது. எல்லாம் சேர்த்து அரை நிமிடம்கூட இருக்காது.

அதற்குள் அம்மா எழும்பிப் போனார். கொடியில் மாமாவின் வெள்ளை வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. கிளிப்பைக் கழற்றி, வேட்டியை இழுத்துச் சுருட்டி, அடுக்களைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, வந்து இருந்து முறுக்கு அடுக்கத் தொடங்கினார். ஒரு முறுக்கும் உடையவில்லை.

வன்னியில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யுத்த காலத்தில் வேவு பார்க்க வரும் ஆளில்லா விமானத்தை நாங்கள் வண்டு என்போம். வண்டு சுற்றும்போது வெள்ளைத் துணி வெளியில் கிடக்கக் கூடாது, அடுப்புப் புகை எழும்பக் கூடாது. எங்கள் வீட்டில் அது அம்மா போட்ட சட்டம்.

இரவு பாய் விரிக்கும்போது கேட்டேன். "வண்டெண்டு நினைச்சுப் பயந்திட்டீங்களோ அம்மா?"

"ஆர் பயந்தது? கமரா எண்டு எனக்குத் தெரியாதே?"

"அப்ப ஏன் வேட்டியை எடுத்தனீங்கள்?"

அம்மா கொஞ்ச நேரம் தலையணை உறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கை எடுத்தது" என்றார்.

நான் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். நரம்புத் தொகுதிப் பாடம் வரும் ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் ஒரு வரி எழுதுவேன்: அச்சம், அதிலிருந்து ஒரு அம்புக்குறி, பரிவு நரம்புத் தொகுதி, இன்னொரு அம்புக்குறி, அதிரீனலின், பிறகு நெஞ்சு படபடப்பு, வாய் உலர்வு, கண்மணி விரிவு. அச்சத்தை எழுதி ஒரு பெட்டி கீறி விடுவேன். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பரீட்சைக்கு வராது. அம்மாவின் அந்த இரண்டு சொல்லுக்குப் பிறகுதான் பெட்டி என்னை உறுத்தத் தொடங்கியது.

1884இல் வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்கர் இந்த அம்புக்குறியைத் திருப்பிப் போட்டார். கரடியைக் காண்கிறோம், பயப்படுகிறோம், அதனால் ஓடுகிறோம் என்பது ஊர் சொல்லும் ஒழுங்கு. ஜேம்ஸ் சொன்னது வேறு. கரடியைக் கண்டதும் உடம்பு நடுங்கி ஓடத் தொடங்கிவிடுகிறது, அந்த நடுக்கத்தை உள்ளே இருந்து உணர்வதற்குத்தான் பயம் என்று பெயர். அழுவதால்தான் துக்கம். அடுத்த வருடம் டென்மார்க்கில் கார்ல் லாங்கே என்ற மருத்துவரும் கிட்டத்தட்ட இதையே தன்பாட்டில் எழுதினார்.

அந்தக் கரடி எங்களுக்கு அந்நியமில்லை. பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போகிறவர்கள் மரத்தடியில் நின்று முதலில் மேலே பார்ப்பார்கள், கரடி ஏறியிருக்கிறதா என்று. எங்கள் ஊரில் கன்னத்தில் கரடி கீறிய தழும்போடு ஒரு அப்பு இருந்தார். சின்ன வயதில் அவரிடம் கேட்டிருக்கிறேன், நல்லாப் பயந்திட்டீங்களோ என்று. "பயப்பிட எங்கை மோனை நேரம்? வீட்டை வந்து தண்ணி குடிச்சாப் பிறகுதான் பயந்தனான்" என்றார். அப்போது பகிடி என்று நினைத்தேன். ஜேம்ஸ் சொன்னபடி பார்த்தால், ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அப்புவுக்குப் பயம் உச்சத்தில் இருந்திருக்க வேண்டும். அம்மாவும் அதே மாதிரி. எழும்பினார், விரைந்தார், ஒளித்தார். உடம்பு செய்ய வேண்டியதையெல்லாம் செய்தது. உள்ளே பயம் இல்லை என்கிறார். ஒன்றில் ஜேம்ஸ் பிழை, அல்லது அம்மா பொய். அம்மா பொய் சொல்லமாட்டார் என்றில்லை. சீனி வருத்தத்துக்கு மருந்து போட்டாச்சு என்று தினமும் சொல்வார். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு அம்மாமேல்தான் நம்பிக்கை.

1927இல் வால்டர் கேனன் என்ற உடலியல் ஆய்வாளர் ஜேம்சுக்கு எதிராகக் கேட்டவை உடற்கூற்றுக் கேள்விகள். குடலும் ஈரலும் மெதுவாகத்தான் மாறும், உணர்ச்சியோ சடாரென்று வருகிறதே? கோபத்துக்கும் பயத்துக்கும் நெஞ்சு ஒரே மாதிரித்தானே அடிக்கிறது, பிறகு இரண்டையும் எப்படிப் பிரித்து அறிகிறோம்? நல்ல கேள்விகள். அப்புவின் கேள்வி அதில் இல்லை.

எங்கள் பேச்சில் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது. மாடு வெருளும். சைக்கிள் மணிக்கு வெருண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். குருவிக்காக வயலில் நட்டு வைப்பது வெருளி. மனிதனும் வெருளுவான், ஆனால் அவனுக்குப் பயம் என்றும் ஒன்று இருக்கிறது. குளத்தில் தண்ணீர் இல்லாமல் சிறுபோகம் பிழைத்தால் கடனை எப்படிக் கட்டுவது என்பது பயம். அதை வெருட்சி என்று ஒருவரும் சொல்லார். மாடு அப்படிப் பயப்படுவதாகவும் சொல்லார்.

ஜோசப் லெடூ என்ற நரம்பியல் ஆய்வாளர் இந்த இடத்துக்கு வந்து சேரப் பல வருடம் எடுத்தது. எலிக்கு ஒரு ஒலியைக் கேட்க வைத்து, கையோடு காலில் சிறு மின்னதிர்ச்சி கொடுப்பார்கள். சில தடவைக்குப் பிறகு ஒலியை மட்டும் கேட்டாலே எலி அசையாமல் உறைந்து நிற்கும். அந்த ஒலி மூளையின் மேற்பட்டையைச் சுற்றி வராமல், குறுக்குப் பாதையாலேயே அமிக்டலாவுக்குப் போய்விடும் என்று காட்டினார். அமிக்டலா என்பது காதுக்கு உட்புறம், ஆழத்தில், வாதுமைக் கொட்டை அளவில் இருக்கிற பகுதி. பத்திரிகைகள் அதற்குப் பயத்தின் மையம் என்று பெயர் வைத்தன. பிற்காலத்தில் லெடூவே அந்தப் பேச்சை மறுத்தார். எலியில் தான் அளந்தது ஆபத்துக்கு எதிர்வினை செய்கிற ஒரு சுற்று. "எனக்குப் பயமாயிருக்கிறது" என்று ஒருவர் உணர்வது வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டதால் வந்த குழப்பம் என்றார். மாட்டுக்காரனிடம் கேட்டிருந்தால் சுருக்கமாக முடிந்திருக்கும்.

எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் ஆய்வுகளில் அறியப்படும் ஒரு பெண் இருக்கிறார். ஓர் அரிய நோயால் அவருக்கு இரண்டு பக்க அமிக்டலாவும் அழிந்துவிட்டன. பாம்பைக் கையில் எடுப்பார், பேய்ப்படத்தைப் பயமில்லாமல் ரசித்துப் பார்ப்பார். பயமே அறியாத பெண் என்று பேரெடுத்தவர். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அவரைக் கரியமிலவாயு கலந்த காற்றை ஒரு தடவை இழுக்கச் செய்தார்கள். மூச்சு முட்டியதும் முகமூடியைப் பிய்த்தெறியக் கை நீண்டது, பீதி வந்துவிட்டது. வெளியிலிருந்து வரும் பாம்புக்குப் பயப்படாதவருக்கு, உள்ளே இருந்து வந்த மூச்சுத்திணறலுக்குப் பயப்பட அமிக்டலா தேவைப்படவில்லை. வாதுமைக் கொட்டையும் பெட்டிதான் என்று விளங்கியது. இந்த ஆய்வைச் சொல்லும்போது மட்டும் பின்வாங்கில் இருக்கிற பொடியங்கள்கூடக் கொப்பியை மூடிவிட்டுக் கேட்பார்கள்.

சரி, அம்மாவுக்கு வந்தது வெருட்சி என்று சொல்லி முடித்துவிடலாமா? என்னால் முடியவில்லை. கழுத்து உள்ளே போனது வெருட்சி. அது எங்கள் எல்லாருக்கும் வந்தது. வேட்டி அப்படியில்லை. விறாந்தையிலிருந்து கொடிக்குப் பத்துப் பன்னிரண்டு அடி. நடுவில் சட்டி பானை, கொதிக்கிற எண்ணெய், காலுக்குள் ஓடுகிற பிள்ளைகள். எல்லாவற்றையும் விலத்திப் போய், இரண்டு கிளிப்பையும் கழற்றி, கீழே விழாமல் கையில் போட்டு வைத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார். கொடியில் சிவப்புச் சேலையும் கிடந்தது, அதைத் தொடவில்லை. உறைந்து நிற்கிற எலிக்கு இதெல்லாம் வராது. இதற்குள் நிறம் பற்றிய அறிவு இருக்கிறது, மேலே இருந்து பார்க்கும் கண்ணுக்கு எது தெரியும் என்ற கணக்கு இருக்கிறது. ஒரு காலத்தில் அது ஒவ்வொன்றும் பயந்து பயந்து கற்றது. இப்போது பயம் கழன்று போய்ச் செய்கை மட்டும் கையில் தங்கியிருக்கிறது. பெருங்காயம் தீர்ந்த பிறகும் பாண்டத்தில் நிற்கிற மணம் என்று எங்கள் அம்மப்பா உவமை சொல்வார். சைவ சித்தாந்தத்தில் அதற்குப் பெயரே வாசனை.

அம்மப்பா இன்னொன்றும் சொல்வார். "என்ரை கை எண்டு சொல்லுறாய், என்ரை மனம் எண்டும் சொல்லுறாய். அப்ப சொல்லுறது ஆர்?" அவருடைய சொந்தச் சரக்கென்று நினைத்திருந்தேன். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் எழுதிய சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில் மூன்றாவது, உயிர் என்று ஒன்று உண்டு என்பதற்கு அடுக்குகிற காரணங்களில் இதுவும் ஒன்று. எனக்கு அதில் பிடித்தது கோடு கீறிய இடம். தேக்கார்ட் என்ற பிரெஞ்சு மெய்யியலாளர் உடம்பை ஒரு பக்கமும் மனத்தை மறுபக்கமும் வைத்துக் கோடு கீறினார். 1643இல் பொகீமியா இளவரசி எலிசபெத் அவருக்குக் கடிதம் எழுதி, இடமே எடுக்காத மனம் உடம்பை எப்படி அசைக்கும் என்று கேட்டார். தேக்கார்ட்டால் அதற்கு ஒழுங்கான பதில் கொடுக்க முடியவில்லை. சித்தாந்திகள் கோட்டைத் தள்ளிக் கீறினார்கள். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் நான்கும் உடம்போடு சேர்ந்த கருவிகள், எல்லாம் சடம். அறிகிறது உயிர். அப்படிப் பார்த்தால் மனம் கையை அசைப்பதில் புதினம் ஒன்றுமில்லை, கருவி கருவியை அசைக்கிறது. உயிர் வேறெங்கோ முறுக்கு அடுக்கிக்கொண்டிருக்கலாம். இதை நான் நம்புகிறேனா என்று கேட்டால், வகுப்பறையில் இல்லை. அம்மாவின் வாக்கியத்துக்கு இதைவிடப் பொருந்துகிற இலக்கணம் எனக்குக் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்வேன்.

தேக்கார்ட் என்றதும் ஒரு பகிடி. "நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்" என்பதை எங்கள் பேச்சுக்கு மாற்றினால் "யோசிக்கிறன், அதாலை இருக்கிறன்" என்று வரும். எங்கள் ஊரில் யோசிக்கிறது என்றால் கவலைப்படுகிறது. "கனக்க யோசியாதை பிள்ளை" என்றால் மூளையைப் பாவிக்காதே என்று அர்த்தமில்லை. ஒருமுறை கையில் படிவத்தோடு வந்த பிள்ளை ஒன்று அம்மாவிடம் கேட்டது, கடந்த இரண்டு கிழமையில் பயம் ஏற்பட்டதா, பதகளிப்பு ஏற்பட்டதா, பூச்சியத்திலிருந்து நாலு வரை சொல்லுங்கோ. அம்மா எல்லாவற்றுக்கும் பூச்சியம் போடச் சொன்னார். கடைசியில் படிவத்தில் இல்லாமல், சும்மா கதைக்கிற மாதிரி, "யோசிக்கிறனீங்களோ அம்மா?" என்று அந்தப் பிள்ளை கேட்டதுதான் கேள்வி. அம்மா அரை மணித்தியாலம் கதைத்தார்.

என் கதையையும் சொல்ல வேண்டும். 2009இல் எனக்குப் பதினேழு வயது. பங்கருக்குள் இருந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது தங்கச்சியின் முழங்கால் என் விலாவில் குத்தியதும், தலைமயிருக்குள் மணலும், அலுப்பும். அலுப்பு என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. உடம்பு நடுங்கியது உண்மை, பல்லுக் கிட்டியது உண்மை. அதைப் பயம் என்று உணர்ந்த ஞாபகம் இல்லை. பயம் பிறகு வந்தது. யாழ்ப்பாணத்தில் படிக்கும்போது, விடுதி அறையில், நாலு பேர் நிம்மதியாக நித்திரை கொள்கிற ஒரு இரவு. ஒரு சத்தமும் இல்லை. நெஞ்சு ஒழுங்காகத்தான் அடித்தது, நான் கையை வைத்துப் பார்த்தேன். ஆனால் பயம் வந்து கட்டிலின் கால்மாட்டில் இருந்தது. விடியும் வரைக்கும் இருந்தது. முதலில் பயமில்லாத நடுக்கம், பிறகு நடுக்கமில்லாத பயம். கரடி கீறிய அப்பு வீட்டுக்கு வந்து ஒரு செம்பு தண்ணி குடிக்க எடுத்த நேரம், எனக்கு இரண்டு வருடம் எடுத்திருக்கிறது.

அந்த நெஞ்சடிப்பு ஒன்றுக்கே சொந்தமானதும் இல்லை. வைகாசித் திங்களில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனால், கடல் நீரில் விளக்கெரிகிற அம்மன் முன்னால், மேளம் உச்சத்துக்குப் போகும்போது நெஞ்சு அடிக்கும், உள்ளங்கை வேர்க்கும், வாய் உலரும். என் கரும்பலகை வரிசை அச்சொட்டாக அப்படியே. பக்கத்தில் நந்திக்கடல், யுத்தம் முடிந்த இடம். அதே காற்று, அதே நெஞ்சடிப்பு, பக்தி என்கிறோம். 1962இல் சாக்டர், சிங்கர் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு விற்றமின் என்று சொல்லி அதிரீனலின் ஊசி போட்டு, பக்கத்தில் ஒரு நடிகரை விட்டுப் பார்த்தார்கள். நடிகர் கும்மாளம் போட்டால் ஊசி ஏற்றப்பட்டவரும் குதூகலிப்பார், கோபித்தால் கோபிப்பார், உடம்பின் கிளர்ச்சிக்குச் சூழல்தான் பெயர் வைக்கிறது என்பது அவர்கள் முடிவு. 1979இல் மற்றவர்கள் திரும்பச் செய்தபோது அவ்வளவு அழகாக வரவில்லை. ஊசி ஏற்றப்பட்டவர்களுக்கு விரும்பத்தகாத உணர்வுகள்தான் கூட வந்தன. வற்றாப்பளையில் எனக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் எது எதுவென்று பிடிபடாமல் போகும்.

தொல்காப்பியர் இந்த வம்புக்கே போகவில்லை. எட்டு உணர்ச்சிகளை எண்ணி, அவற்றுக்கு மெய்ப்பாடு என்று பேர் வைத்தார். மெய்யில் படுவது, மற்றவர் கண்டு அறிவது. அச்சத்துக்கு நாலு காரணம் சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இறை என்றது அரசனை. விடுதியில் எனக்கு வந்ததை இந்த நாலுக்குள் வைக்க இடமில்லை. வானம் அவருடைய பட்டியலில் இல்லை, அந்தக் காலத்தில் அங்கிருந்து மழைதான் வந்திருக்கும். ஆனால் பயம் பார்க்கிறவருடைய கண்ணில் அறியப்படும் பொருள் என்ற அந்த எண்ணம் என்னை விடவில்லை. அம்மா எழும்பிக் கொடிப் பக்கம் போனபோது அவருடைய மெய்யில் அச்சம் என்று எழுதியிருந்தது. நான் வாசித்தேன். வாசித்தவுடன் என் நெஞ்சு திக்கென்றது, காது அடைத்தது. கமரா என்று எனக்கும் தெரியும். ட்ரோனுக்கு நான் பயப்படவில்லை. அம்மா வேட்டியை எடுக்கிறாரே என்றுதான் பயந்தேன். செய்கை அவருடையது, பயம் என்னுடையது. அன்றிரவு "பயந்திட்டீங்களோ" என்று கேட்டவள் யாரைக் கேட்டாள் என்று இப்போது யோசிக்கிறேன். இரண்டு அர்த்தத்திலும்.

மாமா அன்று பின்னேரம் வரை வேட்டியைத் தேடினார். கடைசியில் அரிசி மூட்டைக்குப் பின்னால், ஈரத்தோடு, மடிப்புக் கலைந்து கிடைத்தது. அம்மாவுக்கு அதை எங்கே வைத்தார் என்று நினைவில்லை.

மூன்று கிழமை கழித்து வீடியோ வந்தது. மகளுக்கு ஒன்பது வயது. தொலைக்காட்சியில் போட்டுவிட்டு அம்மம்மாவைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினாள். பாட்டோடு தொடங்கியது. கமரா மேலே போகப் போக எங்கள் வீட்டுக் கூரை, பந்தல், கிணறு, வாழை எல்லாம் சின்னதாகிக்கொண்டு போயின. ஒரு வௌவாலாக இருப்பது வௌவாலுக்கு எப்படி இருக்கும் என்று 1974இல் தோமஸ் நேகல் என்ற மெய்யியலாளர் கேட்டார். வெளியிலிருந்து எவ்வளவு அளந்தாலும் உள்ளே இருந்து எப்படி இருக்கும் என்பது மிஞ்சி நிற்கும் என்பதற்கு அந்தக் கேள்வி. எனக்கு அது இருட்டில் பறக்கிற ஒன்றைப் பற்றிய கேள்வியாக இருந்ததில்லை. பதினைந்து அடி தூரத்தில் முறுக்கு அடுக்குகிற ஆளைப் பற்றியது.

"அம்மம்மா, இஞ்சை பாருங்கோ, நீங்கள் ஓடுறியள்!" மகள் நிறுத்திக் காட்டினாள். தகரக் கூரையின் ஓரத்தில் ஒரு சின்ன உருவம். கொடியில் வெள்ளையாக ஒரு கீற்று. மகள் மறுபடி ஓடவிட்டாள். உருவம் கொடியை அடைந்தது, கீற்று மறைந்தது, உருவம் கூரைக்குக் கீழே போனது. நாலு விநாடி.

அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு, கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"திருப்பிப் போடு மோனை" என்றார். மகள் போட்டாள். அம்மா கொடியைப் பார்க்கவில்லை. வளவு முழுவதையும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை மெதுவாகப் பார்த்தார்.

"மேலை நிண்டு பாத்தா நாங்கள் இப்பிடியே தெரியிறனாங்கள்?"

மகள் மறுபடி அழுத்தினாள்.